வரி கேட்காத காது

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டும்போதே சலூன்காரன் தங்கமாரியின் விரல் அங்கே பட்டுவிடும் என்று அணைந்தபெருமாள் எதிர்பார்த்திருந்தார், ஆனால் படவில்லை, விரல்கள் பின்னங்கழுத்தில் முடிச்சைப் போட்டுவிட்டு விலகிவிட்டன, இனி நுரை போடும்போதும் பிரஷ்தான் படும், விரல் படாது, ஆகவே கத்தி வரும்வரை காத்திருக்க வேண்டும், கத்தியும் வலது கன்னத்தில்தான் தொடங்கும், கிருதாவிலிருந்து இறங்கி, தாடையைச் சுற்றி, மீசைக்கு மேலே கொஞ்சம் தட்டிவிட்டு, முகவாயில் இரண்டு இழுப்பு இழுத்து, அப்புறம்தான் இடது பக்கம் வரும், இருபது வருஷமாக அந்த வழி மாறியதில்லை. இடது தாடைக்குக் கீழே, காதுமடலுக்கு இரண்டு விரல் தள்ளி, வேப்பங்கொட்டை அளவுக்கு ஒன்று இருக்கிறது. போன அமாவாசை கழிந்து ஒரு நாள் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலித்தால் நல்லது, வலிக்காமல் கிடந்தால்தான் பார்க்க வேண்டும் என்று மனைவி உலகம்மாளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அது அவர் காதில் விழுந்து தரையில் உருண்டு எங்கேயோ போய்விட்டது, இப்போது திரும்பி வந்து காலடியில் நிற்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓசூரில் இருக்கும் மகன் குமரேசனிடம் போனில் மழையைப் பற்றிப் பேசினார். டாக்டரிடம் போகவில்லை, போனால் டாக்டர் பேசுவார், பேச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லை, கைக்குத்தான் பொய் சொல்லத் தெரியாது, இந்த முகத்தை அவரைவிட அதிகமாகத் தொட்டிருப்பது தங்கமாரியின் கை, அந்தக் கை நிற்காமல் தாண்டிப் போய்விட்டால் அங்கே ஒன்றும் இல்லை, நின்றால் இருக்கிறது. இது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் பத்து நாளாகத் தள்ளிப்போட்டுவிட்டு இன்றைக்குக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

நாற்காலியைப் பின்னால் சாய்த்ததும் தலை தானாகப் பலகையில் போய் விழுந்தது, தொண்டை மேலே வந்தது, கண்ணுக்கு மின்விசிறி மட்டும் மிஞ்சியது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அது டக்கென்று சொன்னது, அந்த டக் ஸ்பீக்கரில் ஓடிய பாட்டின் தாளத்தோடு ஒட்டாமல் ஒரு இடத்தில் சேர்ந்து மறுபடி விலகியது, அவர் காது உடனே அந்தச் சேர்க்கையைத் தேடிப் போனது, எப்போது மறுபடி சேரும், பாடுகிறவன் எதையோ பாடிக்கொண்டிருந்தான், அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, குரலுக்குப் பின்னால் ஒரு வயலின் கூட்டம் தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டிருந்தது, படியேறுகிற வயசாளி மாதிரி, மேலே போய்ச் சேருமா சேராதா என்று அவருக்கு மூச்சு முட்டியது. "அண்ணாச்சி, இந்த வரியக் கேட்டியளா?" என்றான் தங்கமாரி பிளேடை இரண்டாக ஒடித்துக்கொண்டே. "கரையேறும் நேரத்துல கயிறறுந்த தோணி. எப்படிப் போட்டிருக்கான் பாத்தியளா. ஒரு மனுசன் வாழ்க்கையவே ஒத்த வரில முடிச்சிட்டான்." கயிறறுந்த தோணி. பிளேடு ஒடிகிற சத்தம் சுண்டு விரலைச் சொடுக்கிய மாதிரி இருந்தது. "கேக்கல" என்றார். "ஏன், காது அடைச்சிருக்கா?" "காது கேக்குது. வரி கேக்கல. பின்னால வயலின் ஒண்ணு ஏறுது பாரு, அதக் கேட்டுக்கிட்டு இருந்தேன்." பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த ஆட்டோக்காரன் பேச்சிமுத்து பேப்பரை மடக்கிவிட்டுச் சிரித்தான். "அண்ணாச்சி கல்யாணப் பந்தில போயி, சோறு வேண்டாம், எலைய மட்டும் கொண்டாங்கன்னு சொல்லுத ஆளு." "எலை இல்லன்னா நீ என்ன தரையிலயாடே திம்ப?" என்றார் அணைந்தபெருமாள், வாய் அசைந்ததும் தாடைக்குக் கீழே அதுவும் கூடவே அசைந்தது, அல்லது அசைந்த மாதிரி இருந்தது, அவர் வாயை மூடிக்கொண்டார்.

நுரை குளிர்ந்தது. பிரஷ் அந்த இடத்தின்மேல் இரண்டு தடவை வட்டம் போட்டுவிட்டுப் போனது, பன்றிமயிருக்கு ஒன்றும் தெரியாது. இரவெல்லாம் அவர் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார், பக்கத்திலேயே நாடி துடிக்கிறது, ஒழுங்காக, இரண்டுக்கு இரண்டாக, ஆனால் அது துடிப்பதில்லை, தாளத்துக்குக் கட்டுப்படாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, கச்சேரியில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டு கையும் தட்டாமல் தலையும் ஆட்டாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி. எதற்காக வந்திருக்கிறான் அந்த ஆள். யாரைத் தேடி வந்திருக்கிறான். மில்லில் வேலை பார்த்த காலம் முழுக்க அவருக்குப் பேச்சு கேட்டதில்லை, நூற்புக் கூடத்தின் இரைச்சலுக்குள் மனுஷன் வாய் திறந்தால் உதடுதான் தெரியும், வார்த்தை வராது, ஆனால் இரைச்சலுக்குள்ளே ஆயிரம் சுருதி இருந்தது, அதற்குள் அவர் தனியாக ஒரு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டால் பாடுகிற குரல்கூட ஒரு வாத்தியமாகத்தான் வந்தது, புல்லாங்குழல் சொல்வதற்கெல்லாம் அர்த்தம் கேட்கிறோமா, அது மாதிரி. உலகம்மாள் நேர் எதிர். அவளுக்கு ராகமே வராது, வரியை வசனம் மாதிரிச் சொல்லிக்கொண்டே அரிசி களைவாள், இவர் அதே பாட்டின் இடையிசையை வாய்க்குள் முனகிக்கொண்டு பல் தேய்ப்பார், நல்ல வரி வரும்போது அவள் "ச்சூ, கேளுங்க" என்பாள், நல்ல இசை வரும்போது அவர் "ச்சூ" என்பார், ரேடியோவுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டே பாதி வாழ்க்கை போனது. அபசகுனமான வரி வந்தால் மட்டும் அவள் எழுந்து போய் அணைத்துவிடுவாள், விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பாட்டு இது, வார்த்தை காதில் விழுந்தால் வீட்டில் விழுந்த மாதிரி என்பாள், இவர் ஒரு ஷெனாய் பாதியில் அறுந்து போன எரிச்சலில் சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறார். கயிறறுந்த தோணி. அவள் இருந்திருந்தால் இப்போது எழுந்து அணைத்திருப்பாள். ஏன் இந்த வரி மட்டும் இன்றைக்குக் காதில் நிற்கிறது, ஒரு வரியும் நின்றதில்லையே இத்தனை வருஷமாக.

கத்தி வலது கிருதாவில் இறங்கியது. சரக், சரக், மணலில் சீமாறு இழுத்த மாதிரி. "மியூசிக்குக்கு வாய் கெடையாது அண்ணாச்சி" என்று தங்கமாரி காதுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தான், இந்தச் சண்டை அவர்களுக்குள் இருபது வருஷச் சண்டை, தேய்ந்துபோன கத்தி மாதிரி, அதனால் இரண்டு பேருக்குமே அதில் பிரியம். "அது சிரிக்குதா அழுவுதான்னு யாருக்குத் தெரியும்? நீங்க ஒண்ணு நெனப்பிய, நான் ஒண்ணு நெனப்பேன். வரின்னு ஒண்ணு இருந்தாத்தான் இது இன்னதுன்னு ஆவும். ஒங்க வீட்டுக் காரியத்துலயே பாத்தமே." சொன்ன பிறகு அவன் கை ஒரு நொடி தயங்கியது, சொல்லியிருக்க வேண்டாம் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது, பேச்சிமுத்து பேப்பரை மறுபடி பிரித்தான். மின்விசிறி டக் என்றது.

அன்றைக்கு மைக் செட்டுக்காரன் வந்து புளியமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு வழக்கமான பாட்டைப் போட்டான், சாவு வீட்டுக்கென்றே இருக்கிற பாட்டுகள், போனவர் வருவாரா, வந்தவர் இருப்பாரா என்று தெருவுக்கே பாடம் நடத்துகிற பாட்டுகள், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் தனித்தனியாக வந்து விழுந்தது, உலகம்மாள் நடுவீட்டில் கிடந்தாள், வார்த்தைகள் சன்னல் வழியாக உள்ளே வந்து அவள்மேல் உட்கார்ந்தன, அவர் எழுந்து போய் மைக் செட்டுக்காரனிடம், வாய்ப்பாட்டு எதுவும் போடாதே, வெறும் வாத்தியம் போடு, இருக்கிறதைப் போடு என்றார், அவன் முழித்துவிட்டு நாகஸ்வரத்தைப் போட்டான், சொல் இல்லாத அந்தச் சத்தம் வந்ததும்தான் அவரால் அவள் பக்கத்தில் போய் உட்கார முடிந்தது. தேனியிலிருந்து அவளுடைய தங்கை செண்பகம் குடும்பத்தோடு வேனில் வந்தாள். தெருமுனையில் டிரைவர் பந்தலைப் பார்த்தான், நாகஸ்வரத்தைக் கேட்டான், இது கல்யாண வீடு, நம்ம வீடு வேறே தெருவா இருக்கும் என்று நேரே ஓட்டிக்கொண்டு போய்விட்டான், புதுத்தெருவாகிப்போன ஊரில் செண்பகத்துக்கும் அடையாளம் தெரியவில்லை, ஊரைச் சுற்றினார்கள், ரயில்வே கேட்டில் நின்றார்கள், போன் அடித்திருக்கிறார்கள், அந்தச் சத்தத்தில் யார் எடுப்பது, திரும்பி வந்து சேரும்போது வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. செண்பகம் அழவில்லை, மயானத்திலிருந்து திரும்பி ஈரத்துணியோடு வந்த அவர் முன்னால் நின்று சாதாரணமாகத்தான் சொன்னாள், "வாயில்லாத பாட்டப் போட்டு எங்க அக்காவ ஊமையா அனுப்பிட்டியளே அத்தான்." அதற்குப் பிறகு அவள் இந்த ஊருக்கு வரவில்லை. அவள் சொன்னது நியாயமா இல்லையா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அவள் அதைச் சொன்ன குரல், கீழ் சுருதியில், ஒரே நீட்டாக, நடுக்கமில்லாமல், அந்தக் குரல் மட்டும் அவ்வப்போது வீட்டில் எங்கேயோ வாசிக்கிறது.

"உப்புங்க" என்றான் தங்கமாரி, அவர் கன்னத்தை உப்பிக்கொண்டார், முகவாய் முடிந்துவிட்டது, எப்போது முடிந்தது, கத்தி இப்போது இடது கன்னத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் அந்த ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தது. குரலில்தான் எல்லாம் இருக்கிறது, வார்த்தை வெறும் சட்டை, டாக்டர் உலகம்மாளிடம் அன்றைக்கு என்ன சொன்னார், "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, வயித்துல புண்ணு, மாத்திரையில ஆறிடும்" என்றார், அவள் அந்த வரியை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள், வயித்துல புண்ணு, மாத்திரையில ஆறிடும், சொல்லிச் சொல்லி அவளுக்கு நிறம்கூட வந்துவிட்டது, ஆனால் டாக்டர் அதைச் சொன்னபோது குரலுக்கு அடியில் ஓட வேண்டிய ஒன்று நின்றுபோயிருந்ததை அவர் கேட்டார், பாட்டில் கீழே ஒரு கிடார் கனமாக நடந்துகொண்டே இருக்குமே, யாரும் கவனிப்பதில்லை, நின்றால்தான் தெரியும், பாட்டு அந்தரத்தில் தொங்கும், அப்படி. ஆஸ்பத்திரி வாசலில் அவள் இளநீர் கேட்டாள். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை, அவள் வரியை நம்புகிறவள், மூன்று மாதம் நிம்மதியாக இருந்தாள். யார் பாக்கியசாலி.

விரல் வந்தது. தங்கமாரியின் இடது கைப் பெருவிரல் தாடைக்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்தது, கத்தி இறங்கியது, அவர் மூச்சை நிறுத்தினார், மின்விசிறி சுற்றுவது நின்ற மாதிரி இருந்தது, சரக், அதன் விளிம்பில், சரக், அதன் மேலேயே, கத்தி ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கியது அவருக்குத் தெரிந்தது, தங்கமாரி பேசிக்கொண்டே இருந்தான், நகராட்சித் தண்ணீர் எட்டு நாளாக வரவில்லை என்று பேச்சிமுத்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தான், பேச்சு இடறவில்லை, கை இடறவில்லை, கத்தி தாண்டிப் போய்விட்டது, கழுத்துக்கு இறங்கிவிட்டது, நுரையை வழித்து உள்ளங்கைத் தாளில் தடவிவிட்டது. ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, போகிற வழியில் காரச்சேவு வாங்க வேண்டும், குமரேசனுக்குப் போன் போட்டு மழையைப் பற்றி இல்லாமல் வேறு எதையாவது பேச வேண்டும், பேரனுக்குப் பரீட்சை முடிந்ததா என்று கேட்க வேண்டும், ஸ்பீக்கரில் ஒரு தபேலா எவ்வளவு அழகாக உருள்கிறது, தரையில் கொட்டிய புளியங்கொட்டை மாதிரி. அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. நுரை இருந்ததே. நுரைக்கு மேலேதானே விரல். வழுக்கிக்கொண்டு போயிருக்கும், தங்கமாரி தண்ணீர்ப் பேச்சில் இருந்தான், இன்னும் ஒரு தடவை இருக்கிறது, அவன் எப்போதும் இரண்டு தடவை சிரைப்பான், முதல் தடவை கீழ்நோக்கி, இரண்டாம் தடவை வெறும் தண்ணீரை அடித்துவிட்டு மேல்நோக்கி, விரலால் தடவித் தடவி, முள் எங்கே மிச்சம் என்று தேடித்தேடி. போதும் தங்கமாரி, ஒரு தடவை போதும் என்று சொல்லிவிட்டால். சொல்லலாம்.

தண்ணீர் புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. வலது பக்கம் முடிந்தது. தங்கமாரி மறுபடி பாட்டுக்கு வந்துவிட்டான், அவனுக்கு உற்சாகம் வந்திருந்தது, "ஏல பேச்சி, பேப்பரக் கீழ வையி. ரெண்டாவது சரணம் வருது, அண்ணாச்சியும் கேக்கட்டும், இன்னைக்கு இவர ஒத்துக்க வைக்காம விடமாட்டேன். வாசல் கடந்த தண்ணி" என்று பாட்டை முந்திக்கொண்டு பாடினான், கட்டைக் குரல், சுருதி சேரவில்லை, இடது கை விரல்கள் தாடைக்குக் கீழே எலும்பை ஒட்டி முள்ளைத் தேடிக்கொண்டு வந்தன, "வாசல் கடந்த தண்ணி திரும்பி வந்து" என்றவன் அதோடு நிறுத்திவிட்டான். ஸ்பீக்கரில் பாடகன் அந்த வரியைப் பாடி முடித்தான், தங்கமாரி முடிக்கவில்லை. விரல் இரண்டும் அங்கேயே இருந்தன. அழுத்தவில்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தன, திரும்பி வந்தன. அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிகள் முடிந்து இடையிசை வந்தது, வயலின்கள், அடியில் அந்தக் கிடார், அவர் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டது இதுதானே, யாரும் பேசாமல் இருக்க வேண்டும், வாத்தியம் மட்டும் கேட்க வேண்டும், இதோ யாரும் பேசவில்லை, பேசு தங்கமாரி, அந்த வரியை முடி, தண்ணீர் திரும்பி வந்து என்ன செய்தது, சொல்லித் தொலை.

கத்தி மறுபடி அசைந்தது. அந்த இடத்தை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. "வெயில் கூடிப்போச்சு" என்றான் தங்கமாரி யாரிடமோ. "குமரேசன் தம்பி எப்ப வாராப்ல?" "தீபாவளிக்கு" என்றார். "முன்னாடியே வரச் சொல்லுங்க அண்ணாச்சி. சும்மாதான். புள்ளைக வந்தா ஒங்களுக்கும் ஒரு இதுவா இருக்கும்." பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவன் சண்டை அறுந்துபோன வருத்தத்தில் இருந்தான். "என்ன அண்ணே, இன்னைக்கு ஒத்துக்க வச்சிட்டுத்தான் விடுவேன்னிய? வரியா மியூசிக்கா, முடிவச் சொல்லுங்க." தங்கமாரி பிளேடைக் கத்தியிலிருந்து கழற்றித் தகர டப்பாவில் போட்டான். "அண்ணாச்சி சொல்லுததுதான் சரி" என்றான். "மியூசிக்தான் பெருசு. வரில என்ன இருக்கு."

பேச்சிமுத்து கையைத் தட்டி, "அப்படிப் போடு, அண்ணாச்சி செயிச்சாச்சு" என்றான். இருபது வருஷம் விட்டுக்கொடுக்காதவன் தங்கமாரி. சொந்தத் தம்பி கல்யாணத்தன்றுகூட மணமேடைக்குப் பக்கத்தில் நின்று வரிக்காகச் சண்டை போட்டவன். இப்படி ஒத்துக்கொள்கிற இந்தக் குரல் அவருக்குத் தெரியும், இது வேறு யாருடையதும் இல்லை, அவருடையதேதான், கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம், உலகம்மாள் கட்டிலில் படுத்தபடி ரேடியோவில் ஏதோ ஒரு வரியை "ச்சூ, கேளுங்க" என்றாள், அவரும் கேட்டுவிட்டு, "ஆமா, வரி நல்லாத்தான் இருக்கு, நீ சொல்லுதது சரிதான்" என்றார், அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார், அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அதுவரை ஒரு நாளும் கேட்காததைக் கேட்டாள், "டாக்டர் ஒங்க கிட்ட என்ன சொன்னாரு?"

தங்கமாரி படிகாரத்தை நனைத்துத் தேய்த்தான், எரிந்தது, துண்டால் ஒற்றினான், இடது பக்கம் ஒற்றும்போது மட்டும் துண்டு மெதுவாக வந்தது. நாற்காலியை நிமிர்த்தினான். கண்ணாடியில் வழுவழுவென்று ஒரு முகம் இருந்தது, அதற்குப் பின்னால் தங்கமாரியின் முகம், அது கண்ணாடியைப் பார்க்கவில்லை, சீப்பைத் தேடிக்கொண்டிருந்தது. சண்டை போடு என்று அவருக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. "ஏல தங்கமாரி" என்றார், குரல் பிசிறியது, செருமிக்கொண்டார். "ஒன் பாட்டெழுதுறவன் பூராவும் கூலிக்கு மாரடிக்கிறவன். தோணியாம், கயிறாம். எந்தத் தோணிலடே ஏறிருக்கான் அவன்? ஒரு வரிக்காவது அர்த்தம் இருக்கா? குப்பைடே. எல்லாம் குப்பை." பேச்சிமுத்து அடிபிடி வரப்போகிறது என்று பெஞ்சில் நுனிக்கு வந்து உட்கார்ந்தான். ஸ்பீக்கரில் அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. தங்கமாரி சீப்பை எடுத்து, அவர் தலையில் மிச்சமிருந்த முடியை, அவசரமே இல்லாமல், ஒரு பக்கமாகப் படிய வாரிவிட்டான்.

"ஆமா அண்ணாச்சி" என்றான். "அதுவும் சரிதான்."